நிண்டெண்டோவின் வாடிக்கையாளர் யார்? 450 டாலர் கன்சோலின் பின்னணி

2025 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் தன் புதிய வீடியோ கேம் கன்சோலான ஸ்விட்ச் 2-இன் விலையை அறிவித்தது. அமெரிக்காவில் 449.99 டாலர். முந்தைய ஸ்விட்ச் 2017-இல் 299.99 டாலருக்கு வந்திருந்தது. புதிய கன்சோலோடு வெளியாகவிருந்த ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ விளையாட்டைத் தனியாக வாங்கினால் 79.99 டாலர். மறுநாள் நிறுவனம் நடத்திய நேரலையில் விளையாட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓடிய அரட்டைப் பகுதி முழுக்க ‘விலையைக் குறை’ என்ற ஒரே வாசகம் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 5 அன்று, கன்சோல் விற்பனைக்கு வந்தது. நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. நிண்டெண்டோவின் வரலாற்றில் எந்தக் கன்சோலும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்பதுதான் பலருக்கும் குழப்பம். ‘குழந்தைகளுக்கான நிறுவனம் குழந்தைகளைக் கைவிட்டுவிட்டது’ என்று ஒரு சாரார். ‘அது எப்போதோ பெரியவர்களின் நிறுவனமாகிவிட்டது’ என்று இன்னொரு சாரார். இரு தரப்புமே வயதை வைத்து அளக்கிறார்கள். நிண்டெண்டோவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால், அங்கே வேறு ஒரு கோடு கிழிக்கப்பட்டிருப்பது தெரியும்: திரும்பி வருகிறவர், ஒருமுறை வந்து போகிறவர். அந்தக் கோடு எப்படி விழுந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

1. கன்சோல்: விளையாட்டுக்கென்றே செய்யப்படும் கணினி. தொலைக்காட்சியோடு இணைப்பது ஒரு வகை, கையில் வைத்து ஆடுவது இன்னொரு வகை. ஸ்விட்ச் இரண்டையும் செய்யும்.

2. சொந்த விளையாட்டு: கன்சோல் நிறுவனமே தயாரித்து வெளியிடுவது. மரியோ, செல்டா போன்றவை. அவை வேறு நிறுவனத்தின் கன்சோலில் கிடைக்காது.

3. வெளியார் விளையாட்டு: பிற நிறுவனங்கள் தயாரிப்பது. விற்கும் ஒவ்வொன்றுக்கும் கன்சோல்காரருக்கு ஒரு பங்கு போகும். இணையக் கடைகளில் அந்தப் பங்கு பொதுவாகச் சுமார் 30 சதவீதம்.

இரண்டு விதமான வியாபாரம்

பிரிண்டரை மலிவாக விற்றுவிட்டு மையில் காசு பார்க்கும் வியாபாரம் எல்லோருக்கும் தெரியும். சோனியும் மைக்ரோசாஃப்டும் நெடுங்காலம் செய்தது அதைத்தான். 2006-இல் பிளேஸ்டேஷன் 3-இன் உயர்ரக மாதிரி அமெரிக்காவில் 599 டாலர். வாங்கியவருக்கு வயிறு எரிந்தது. விற்ற சோனிக்கோ அந்த விலையிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் நட்டம். அந்த நட்டத்தைப் பிறகு விளையாட்டுகளிலும் வெளியார் தரும் பங்கிலும் ஈடுகட்ட வேண்டும். அதற்கு வாடிக்கையாளர் நிறைய விளையாட்டுகள் வாங்குகிறவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவரோ படத்தின் துல்லியத்தையும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர். ஆகவே பெட்டியின் திறனைக் கூட்டிக்கொண்டே போகத்தான் வேண்டும்.

நிண்டெண்டோவின் வழக்கம் வேறு. பெட்டியை நட்டத்துக்கு விற்பதை அது முடிந்தவரை தவிர்த்துவருகிறது. சோனிக்குத் தொலைக்காட்சி, இசை, படம் என்று பல தொழில்கள். மைக்ரோசாஃப்டுக்கு விண்டோஸும் அலுவலக மென்பொருளும் சோறு போடுகின்றன. நிண்டெண்டோவுக்கு விளையாட்டை விட்டால் சாய்ந்துகொள்ள வேறு சுவர் இல்லை. ஒரு கன்சோல் தோற்றால் அந்த ஆண்டே கணக்கில் தெரிந்துவிடும்.

அதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம், சொந்த விளையாட்டுகளின் விலையைக் குறைக்காமல் இருப்பது. ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 2017-இல் 59.99 டாலருக்கு வந்தது. எட்டு ஆண்டு கழித்தும் அதன் பட்டியல் விலை அதேதான். மற்ற நிறுவனங்களின் விளையாட்டுகள் ஓராண்டுக்குள் பாதி விலைக்கு இறங்கிவிடும்போது, இது மட்டும் பழைய விலையிலேயே 6 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. ‘பொறுத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும்’ என்ற நினைப்பே வாங்குபவருக்கு வராதபடி பார்த்துக்கொள்வது பெரிய சாமர்த்தியம்தான். கஞ்சத்தனம் என்று சொல்பவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை.

கால்குலேட்டர் தட்டிய பயணி

1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கிய நிறுவனம் இது. அதன் போக்கை நிர்ணயித்தவர்களில் ஒருவர் குன்பெய் யோகோய். சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்தவர். ஒருமுறை ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சக பயணி ஒருவர் பொழுது போகாமல் தன் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தார். 1980-இல் வந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ கையடக்க விளையாட்டுகள் அங்கிருந்து பிறந்தவை என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அப்போது கால்குலேட்டர் போட்டியால் எல்சிடி திரையின் விலை தரைமட்டத்துக்கு வந்திருந்தது. மலிந்துபோன அந்தப் பொருளை வேறு வேலைக்குத் திருப்பினார்.

‘உலர்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது’ என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். புதிதாக வந்த, விலை கூடிய, எப்போது பழுதாகும் என்று தெரியாத பாகங்களின் பின்னால் ஓடாதே. பழகி மலிந்த பாகத்துக்குப் புதிய பயன் கண்டுபிடி என்பது பொருள்.

1989-இல் வந்த கேம் பாய் இதற்குச் சரியான சான்று. திரையில் நிறம் கிடையாது; கலங்கிய குளத்து நீர் போன்ற பச்சையில் சாம்பல் புள்ளிகள் நகரும். இருட்டில் ஒன்றும் தெரியாது. போட்டியாக வந்த, செகா என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் கேம் கியர் வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்டது. ஆனால் அது ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது, விலையும் குறைவு. பிள்ளைக்குப் பேட்டரி வாங்கித் தர வேண்டியவர் அப்பா அல்லவா? கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் விற்றன.

‘குழந்தைகளுக்கானது’ என்ற பெயர்

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. தரமற்ற விளையாட்டுகளால் கடைகள் நிறைந்து, வியாபாரிகள் கன்சோல் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடினார்கள். ஜப்பானில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் ஃபேமிகாம் கன்சோலை 1985-இல் அங்கே கொண்டுபோனபோது, நிண்டெண்டோ அதை வேறு பெயரில், ஒரு பிளாஸ்டிக் ரோபோவோடு சேர்த்து, பொம்மைபோல் காட்டி விற்றது. பொம்மைக் கடை அலமாரியில் ஏறியது அப்படித்தான். இங்கே தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் கேசட் போட்டு ஆடிய ‘டிவி கேம்’களில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் நகல்களே. பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுட்ட ஒரு தலைமுறைக்கு நிண்டெண்டோ என்ற பெயரே தெரியாது. நிண்டெண்டோவுக்கும் அதில் ஒரு பைசா போயிருக்காது.

பொம்மைக் கடையில் கிடைத்த பெயரைச் செகா ஆயுதமாக்கியது. 1993-இல் ‘மார்ட்டல் காம்பட்’ என்ற சண்டை விளையாட்டு இரு கன்சோல்களுக்கும் வந்தபோது, நிண்டெண்டோ தன் பதிப்பில் ரத்தத்தை நீக்கி, சாம்பல் நிற வியர்வையைத் தெறிக்கவிட்டது. செகாவில் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் ரத்தம் கொட்டும். பதின்வயதுப் பையன்கள் எதை வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டே இரண்டாம் பாகத்தில் நிண்டெண்டோ ரத்தத்தை அனுமதித்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிறகு பிளேஸ்டேஷன் வந்து இருபது வயதுக்காரர்களை இழுத்துக்கொண்டது. நிண்டெண்டோ 64 கன்சோலில் குறுந்தகட்டுக்கு மாறாமல் கேசட் போன்ற கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டதால், பெரிய வெளியார் நிறுவனங்கள் சோனி பக்கம் சாய்ந்தன. வீட்டுக் கன்சோல் விற்பனை இறங்கிக்கொண்டே வந்தது: முதல் தலைமுறை 6.19 கோடி, அடுத்து 4.91, பிறகு 3.29. 2001-இல் வந்த கேம்கியூப், மேலே பிடி வைத்த ஊதா நிறக் கனசதுரம், வெறும் 2.17 கோடி.

வீ: வந்தவர்கள் திரும்பவில்லை

2002-இல் தலைவரான சதோரு இவாட்டா, போட்டியாளரின் வாடிக்கையாளரைப் பறிக்க முயல்வதை விட்டுவிட்டு, இதுவரை விளையாடாதவரைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தார். 2006-இல் வந்த வீ கன்சோலின் விலை 249.99 டாலர். திறனில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, சோனியின் பிளேஸ்டேஷன் 3 இரண்டுக்கும் வெகு கீழே. ஆனால் ரிமோட்டை மட்டையாக நினைத்து வீசினால் திரையில் டென்னிஸ் பந்து போகும். விளக்கப் புத்தகம் தேவையில்லை. பாட்டிகள் பந்துருட்டினார்கள், முதியோர் இல்லங்களில் போட்டி நடந்தது. வீசிய வேகத்தில் மணிக்கட்டுக் கயிறு அறுந்து ரிமோட் தொலைக்காட்சித் திரையில் போய் மோதிய செய்திகள் வரவே, முதல் மாதத்திலேயே சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. மொத்த விற்பனை 10 கோடியே 16 லட்சம்.

பிறகு என்ன ஆயிற்று? 2012-இல் அதன் வாரிசான வீ யூ வந்தது. விற்றது 1 கோடியே 35 லட்சம். பத்தில் ஒன்பது பேர் திரும்பவில்லை என்றே சொல்லலாம். இதற்கு மூன்று காரணங்கள்.

1. பெயர். வீ யூ என்பது புதிய கன்சோலா, பழைய வீ-யோடு சேர்க்கும் துணைக்கருவியா என்று பலருக்குப் புரியவில்லை. விளம்பரத்திலும் கையில் பிடிக்கும் திரையைத்தான் காட்டினார்கள், பெட்டியை அல்ல.

2. கைபேசி. சும்மா இருக்கும் நேரத்தில் சின்னதாக ஆடுகிறவருக்கு அதற்குள் வேறு கருவி கிடைத்துவிட்டது, அதுவும் பெரும்பாலும் இலவசமாக.

3. பழக்கம். இதுவே முக்கியம். வீ வாங்கிய குடும்பங்களில் பல, கூடவே வந்த விளையாட்டோடு நிறுத்திக்கொண்டன. அவர்கள் வாங்கியது ஒரு விளையாட்டுச் சாமான். ஒரு பொழுதுபோக்குக்குள் நுழையவில்லை. சாமான் அலுத்தால் பரணுக்குப் போகும்.

அதே காலத்தில் கையடக்கக் கன்சோலிலும் அடி. 2011-இல் 249.99 டாலருக்கு வந்த 3டிஎஸ் விற்காமல், ஆறு மாதத்துக்குள் 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 3,730 கோடி யென் செயல்பாட்டு நட்டம்.

இன்றைய நிண்டெண்டோவைப் புரிந்துகொள்ள நான் இந்த ஐந்தாறு ஆண்டுகளைத்தான் பார்க்கச் சொல்வேன். வீ-யின் வெற்றியை எல்லோரும் பாடமாகப் படிக்கிறார்கள்; நிறுவனம் பாடம் படித்தது வீ யூ-வில்.

ஸ்விட்ச்: இரண்டு கடை ஒரே கடையானது

அதுவரை நிண்டெண்டோவுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு போட்டி இருந்தது. தொலைக்காட்சிக் கன்சோலுக்கு ஒரு மரியோ கார்ட், கையடக்கத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் குழு, தனித்தனிச் செலவு. விளையாட்டுகள் பெரிதாகப் பெரிதாக இதைத் தாங்க முடியவில்லை. ஒன்றுக்கு ஆள் போட்டால் மற்றதில் மாதக்கணக்கில் புதிய விளையாட்டே வராது. 2013-இல் வன்பொருள் குழுக்கள் ஒன்றாக்கப்பட்டன. 2017-இல் இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்தது.

எல்லோரும் பேசியது தொலைக்காட்சியிலிருந்து கழற்றிக் கையில் வைத்து ஆடும் வசதியைப் பற்றி. எனக்குப் பெரிதாகத் தெரிவது அலமாரி: நிறுவனத்தின் எல்லாச் சொந்த விளையாட்டுகளும் முதல்முறையாக ஒரே அலமாரிக்கு வந்தன. வீ யூ-வில் 84 லட்சம் விற்ற அதே ‘மரியோ கார்ட் 8’ ஸ்விட்சில் 6 கோடியைத் தாண்டியது இதனால்தான். கன்சோல் 15 கோடிக்கும் மேல் விற்றது.

ஸ்விட்ச் 2 யாருக்கு?

இந்தக் கேள்விக்கு நிறுவனமே பதில் எழுதி வைத்திருக்கிறது, தன் கடையின் முன்பதிவு விதிகளில். 2025-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் சொந்த இணையக் கடையில் ஸ்விட்ச் 2 வாங்குவதற்கான குலுக்கலுக்கு விண்ணப்பிக்க இரண்டு நிபந்தனைகள் இருந்தன: பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும், நிண்டெண்டோவின் இணைய விளையாட்டுச் சந்தா மொத்தம் ஓராண்டாவது கட்டியிருக்க வேண்டும். மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பது உண்மைதான். என்றாலும், வரிசையில் முதலில் யாரை நிறுத்துவது என்று வந்தபோது அளவுகோலாக எடுக்கப்பட்டது ஆடிய நேரம். அப்படித் தகுதி பெற்று விண்ணப்பித்தவர்களே சுமார் 22 லட்சம் பேர் என்று தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா அறிவித்தார். அரட்டையில் ‘விலையைக் குறை’ என்று தட்டியவர்களில் எத்தனை பேர் இந்த வரிசைகளில் நின்றார்களோ!

மற்ற அறிகுறிகளும் அதே திசையில்தான்.

1. பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் இதில் ஓடும். சில செல்டா விளையாட்டுகளை மேம்படுத்த 9.99 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். ஏற்கெனவே வாங்கியவரிடமே மறுபடியும் ஒரு சின்னத் தொகை.

2. பெயரில் குழப்பமே இல்லை. 2 என்றால் 2.

3. முதல் நாள் அலமாரியில் ‘சைபர்பங்க் 2077’ இருந்தது: வன்முறையும் நிர்வாணமும் கொண்ட, வயது வந்தோருக்கான விளையாட்டு. ரத்தத்தை வியர்வையாக்கிய நிறுவனத்தின் கடையில் இது.

4. விலை. 2025-இல் வெளியானபோது ஜப்பானில் 49,980 யென்னுக்கு ஒரு மாதிரி, 69,980 யென்னுக்கு இன்னொன்று. இரண்டும் உள்ளே ஒரே கருவி. மலிவானதில் ஜப்பானிய மொழி மட்டும்தான். ஜப்பான் கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும்.

இந்த நான்காவது புள்ளியில் கொஞ்சம் நிற்க வேண்டும். யென் மலிந்து கிடக்கும்போது ஜப்பானியக் குடும்பத்துக்கு எட்டும் விலை வைத்தால், வெளிநாட்டார் மூட்டையாக அள்ளிப்போவார்கள். அதற்கு மொழியைப் பூட்டாக்கினார்கள். 450 டாலர் சாதாரணக் குடும்பத்துக்கு அதிகம் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் தள்ளுபடி. மற்றவர்கள் முழு விலை.

இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதே இல்லை. ரிச்சி தெருவிலோ இணையத்திலோ கிடைப்பவை இறக்குமதிச் சரக்கு, கடைக்காரர் வைத்ததே விலை. ஆகவே நம் ஊரில் இது முதல் நாளிலிருந்தே சம்பாதிக்கிறவர்களின் கன்சோல்.

போட்டியாளர்கள் எங்கே?

அவர்களும் மேலேதான் போகிறார்கள். 2024-இல் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 699 டாலருக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் பெட்டியையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, மாதச் சந்தாவிலும், தன் விளையாட்டுகளைப் போட்டியாளரின் கன்சோலில் விற்பதிலும் இறங்கிவிட்டது. அதற்கு நேர் எதிரே நிற்பது நிண்டெண்டோதான்: மரியோ வேண்டுமென்றால் எங்கள் பெட்டியை வாங்கு.

சிறுவர்கள் எப்போது வருவார்கள்?

நிண்டெண்டோவின் பழைய நடைமுறையைப் பார்த்தால், சிறுவர்கள் முதல் ஆண்டில் வருவதில்லை. முதலில் ரசிகர்கள், பிறகு குடும்பங்கள், அதன் பின்னரே சின்னப் பிள்ளைகளுக்கென்று வெட்டிக் குறைத்த ஒரு மாதிரி. 3டிஎஸ் வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு 129.99 டாலருக்கு 2டிஎஸ் வந்தது. மடிக்கும் கீல் கிடையாது, முப்பரிமாணத் திரை கிடையாது. ஆப்புக் கட்டை போன்ற உருவம். கீழே போட்டாலும் உடையக் கீல் இல்லை. ஸ்விட்ச் வந்து இரண்டரை ஆண்டு கழித்து ஸ்விட்ச் லைட், 199.99 டாலர். தொலைக்காட்சியில் இணைக்க முடியாது, கழற்ற எதுவும் இல்லை.

இந்த முறை அந்தப் படிக்கட்டு சறுக்குமா என்பதுதான் நிஜமான சந்தேகம். கன்சோலுக்கு வயதாக ஆக விலை இறங்கும் என்ற பழைய விதி இப்போது வேலை செய்யவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் எட்டு வயதான பழைய ஸ்விட்சின் விலையே 299.99-இலிருந்து 339.99 டாலராக ஏறியது. பிள்ளைகளுக்கென்று வந்த லைட்டும் 229.99 ஆனது. புதிய கன்சோலின் விலை சிறுவர்களுக்குத் தடையாகிறதா என்று கவனித்து வருவதாக ஃபுருகாவா பங்குதாரர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அதே ஆகஸ்டில் ஜப்பானில் ‘மை மரியோ’ என்ற புதிய வரிசை தொடங்கியது. கைக்குழந்தைகளுக்கான மரக்கட்டைகள், துணிப் பொம்மைகள், படப்புத்தகம். அந்தக் கட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும் குழந்தை 50 மணி நேரம் விளையாடி முடிக்கும் வயதுக்கு வரும்போது, கடையில் இருக்கப்போவது ஸ்விட்ச் 2 ஆக இருக்காது.